கொட்டிவாக்கத்துக் கொடைவள்ளல்

கடையெழு வள்ளல்களோடு தமிழ்நாட்டில் வள்ளல்கள் தீர்ந்துபோனார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழய்யா கொட்டிவாக்கம் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் எட்டாமவரைப் பார்த்திருப்பார். அவர் என் சகலை.

பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான். நல்ல காரியம்தான். ஆனால் தேர் நிற்கும் கொட்டகையைக் கொடுத்தானா? என் சகலை கொடுத்திருக்கிறார். அவர் வீட்டுக் கார் ஷெட்டின் வலப்பக்க முன்தூணைப் பற்றி ஏறிய ஒரு கோவைக்கொடி, இன்று கூரைத் தகரத்தின் பாதிவரை தழைத்துக் கிடக்கிறது. கொடிக்கும் தூணுக்கும் நடுவே கோடையில்கூட ஈரம் காய்வதில்லை. இரும்புக்கு ஈரம் ஆகாது, கொடிக்கு ஆகும். இரண்டில் உயிருள்ளது எது என்று பார்த்து அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே கோவைக்காய்ப் பொரியல்.

அவர் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் பத்து நிமிஷம். உப்புக்காற்று அதற்குள் போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். இந்த இடத்தில் இரும்பில் ஷெட் போடுகிறவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2014-ம் வருடம், ஆடி மாதம் போட்டார். ஆடியில் யாரும் வேலை தொடங்க மாட்டார்கள், அதனால் வெல்டர் கூலி குறைத்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு. வெல்டர் குறைத்துக்கொண்டார், கூலியை மட்டுமல்ல.

தூணுக்கு ஜிஐ பைப்பா, எம்எஸ் பைப்பா என்ற கேள்வி வந்தது. ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. ஏறக்குறைய 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பார்கள். பிரெஞ்சுக்காரர் சோரெல் 1837-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. இதில் ஒரு விசேஷம் உண்டு. பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை இரும்புக்கு ஆபத்தில்லை. சகலை பூச்சில்லாத எம்எஸ் பைப்பையே தேர்ந்தெடுத்தார். விலை குறைவு என்பதற்காக என்று உறவில் சிலர் பேசுகிறார்கள், அற்ப மனிதர்கள். இன்னொருவர் தன்னை அழித்துக்கொண்டு நம்மைக் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சகலையின் பிறவிக்குணத்திலேயே கிடையாது.

கூரைத் தகரம் மட்டும் ஜிஐ. கடையில் வேறு இருப்பில்லை. அந்தத் தகரத்தைக் கீழே வைத்து வெட்டி மேலே ஏற்றுவது சாதாரண மனிதர்களின் வழி. எங்கள் வெல்டர் மேலே ஏற்றியபின் அங்கேயே உட்கார்ந்து கட்டிங் மிஷினால் அறுத்தார். தெறித்த இரும்புப் பொடியைப் பெருக்கவில்லை. முதல் மழையில் அந்தப் பொடி அத்தனையும் துருவேறி, புதுத் தகரம் முழுக்கச் செம்மஞ்சள் புள்ளி. சகலை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “குங்குமம் வச்ச மாதிரி இருக்குல்ல சகலை?” என்றார். இப்படிப் பார்க்கும் கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

திருகாணிகளும் அப்படித்தான். நெளிதகரத்தில் மேடும் பள்ளமும் இருக்கும். தண்ணீர் பள்ளத்தில் ஓடும் என்பதால் ஆணியை மேட்டில் அடிப்பார்கள். சகலை வீட்டில் பள்ளத்தில் அடித்திருக்கிறது. ஓட்டையைத் தேடித் தண்ணீர் அலையக் கூடாது, தண்ணீர் வரும் வழியிலேயே ஓட்டை காத்திருக்க வேண்டும். வந்தவரை வாசலில் நின்று வரவேற்கும் பண்பாடு இது. ஆணித்தலைக்கு அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் உண்டு. அளவாக முறுக்கினால் அது மெத்தை மாதிரி அமுங்கி ஓட்டையை அடைக்கும். வெல்டரோ தன் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கியதில், அது வெளியே பிதுங்கி வெடித்துவிட்டது. தப்பியவற்றை இரண்டு கத்திரி வெயில் காயவைத்து உதிர்த்தது. இருபதடித் தகரம் காலைக்கும் உச்சிக்கும் இடையே நாற்பது டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும். சாயங்காலம் சுருங்கும். ஒவ்வொரு நாளும் ஆணியை இப்படியும் அப்படியும் அசைத்து ஓட்டையைப் பெரிதாக்குவது அந்த அசைவுதான். மதியம் ஷெட்டுக்கு அடியில் நின்றால் டக், டக் என்று கேட்கும். “தாளம் போடுது” என்பார் சகலை.

வாஷரின் விலையை இங்கே எழுதினால் சகலையின் பெருமைக்குக் குறைவாகும் என்பதால் எழுதவில்லை.

அவருடைய அடக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தினமும் காலை ஆறரைக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயோடு இறங்குவார். காருக்கு ஷாம்பு, சக்கரத்துக்குத் தனி பிரஷ், கண்ணாடிக்குத் தனித் துணி. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்க மாட்டார். இத்தனை வயதில், சொந்த வீட்டில், சொந்த ஷெட்டுக்கு அடியில் நின்றுகொண்டு தலை நிமிராத மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிமிர்ந்தால் என்ன தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் தகரக்கூரையின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் சீக்கிரம் கெடும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். மேலே படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்துக்கு மழை எட்டாது. அங்கே படிந்த உப்பு அங்கேயே உட்கார்ந்து, இரவுப் பனியின் ஈரத்தை உறிஞ்சி, நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும். அதனால் வருடத்தில் சில தடவையாவது அடிப்பக்கத்தையும் சட்டங்களையும் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கட்டாயமாக. செலவில்லாத வேலை. கையில் ஏற்கெனவே இருக்கும் குழாயை இரண்டு ஜாண் மேலே தூக்கினால் போதும். பதினொரு வருடத்தில் ஏறக்குறைய நான்காயிரம் காலைகள், நான்காயிரம் முறை குழாயைக் கையில் எடுத்தும் அந்த இரண்டு ஜாண் சபலத்துக்கு அவர் ஆட்பட்டதே இல்லை. முனிவர்களுக்குக்கூட ஓரிரு சறுக்கல்கள் உண்டு.

பெயிண்ட் விஷயத்தில் அவரைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டில் விசேஷம் என்றால் ஷெட்டுக்குப் பெயிண்ட். மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பச்சை. கல்யாணத்துக்கு மெரூன். வளைகாப்புக்கு நீலம், பேரனுக்குக் காது குத்த சாம்பல். ஒரு தடவை வந்த பெயிண்டர் வயதானவர், கையில் கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டுவந்துவிட்டார்.

“துருவைச் சொரண்டி எடுத்துட்டு, தின்னர் போட்டுத் தொடச்சு, அன்னைக்கே ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு அடிச்சிடணும் சார். அது காஞ்சப்பறம்தான் எனாமலு. துரு மேல அடிச்சா நிக்காது.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

“சொரண்டுறதுக்கே ரெண்டு நாள் ஆவும் சார்.”

“நாளைக்குச் சம்பந்தி வீட்ல வர்றாங்க. சொரண்டாம அடிங்க.”

சுரண்டல் அவருக்குப் பிடிக்காது. தன்னை அண்டி வந்ததைக் கம்பி பிரஷால் காயப்படுத்தி வெளியே தள்ளுவது எந்த தர்மத்தில் இருக்கிறது? வெயில் படாமல் ஒரு போர்வை போர்த்திவிட்டார், பச்சையில். துருவும் நன்றி மறக்கவில்லை. துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து ஊதி ஊதி, பெயிண்டைக் கொப்புளமாகக் கிளப்பி, செதில் செதிலாக உதிர்த்தது. இன்று தூணில் நகத்தால் கீறினால் சாம்பல், நீலம், மெரூன், பச்சை என்று வரிசையாக வருகிறது. கீழடியில் மண்ணடுக்குகளைப் பார்த்துக் காலம் சொல்கிறார்களே, அதுபோல இந்தக் குடும்பத்தின் வரலாற்றை ஒரு தூணில் படித்துவிடலாம்.

தகரத்துக்கும் அதே எனாமலைப் பூசச் சொன்னார், ஓரவஞ்சனை கூடாதென்று. துத்தநாகத்தின் மேல் நேராக எனாமல் அடித்தால் அதிலுள்ள எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து, இடையில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். அதற்கென்று தனி பிரைமர் அடிக்காவிட்டால் பெயிண்ட் பிடிமானம் இழந்து, அப்பளம்போல் உரிந்துவரும். உரிந்து வந்தது. காற்றடிக்கும் நாளில் அவர் வீட்டுக்கு மேலே நீலநிறச் சிறகுகள் பறப்பது தெருமுனைக்கே தெரியும்.

விஞ்ஞானத்துக்கு அவர் செய்யும் சேவையையும் இந்த ஊர் கண்டுகொள்ளவில்லை. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1953-ல் திறந்தார்கள். இரும்பு எப்படி அரிபடுகிறது என்று அவர்கள் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வரிசையாக மாட்டி, உப்புக்காற்றில் காயப்போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். எத்தனை விஞ்ஞானிகள், எவ்வளவு மானியம்! என் சகலை பத்துக்குப் பதினெட்டு அடியில் அதே ஆராய்ச்சியை ஒற்றை ஆளாக நடத்துகிறார், ஒரு பைசா மானியமில்லாமல். மண்டபத்தில் துண்டுகளை அவ்வப்போது கழற்றி எடை போட்டுப் பார்ப்பார்களாம். இவர் கழற்றக்கூட மாட்டார். அதுவாக விழும்வரை பொறுத்திருப்பார்.

அதே மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் பழைய பாம்பன் ரயில் பாலம். 1914-ல் திறந்தது. 2022 டிசம்பர் வரை அதன் மேல் ரயில் ஓடியது. உலகத்திலேயே இரும்பை மிக வேகமாகத் தின்னும் காற்றுள்ள இடங்களில் ஒன்று அது. ரகசியம் ஒன்றுமில்லை. ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுரண்டுவார்கள், பூசுவார்கள். இந்த முனையில் முடிப்பதற்குள் அந்த முனையில் மறுபடி தொடங்குவார்கள். நூறு வருடத்துக்கு மேல் இதே பிழைப்பு. வேறு வேலையில்லாதவர்கள். சகலைக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. காலையில் கார் கழுவ வேண்டும்.

2003-ல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது, தெருவே முணுமுணுத்துக்கொண்டு குழி தோண்டியது. சகலை இன்னும் ஒரு படி மேலே போனவர். ஷெட்டின் விளிம்பில் ஒரு தகரக் கால்வாய் உண்டு. பக்கத்து வீட்டு வேப்பமரம் பழுத்த இலையும் பூவும் பழமுமாக அதில் கொட்டும். பதினொரு வருட இலை மக்கி, அருமையான எரு. அதில் ஓர் அரசங்கன்று முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது. மாடி ஏசியின் வடிநீர் சொட்டுச் சொட்டாக அங்கேயே விழுகிறது, கன்றுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. ஐப்பசி மழை அந்தக் கால்வாய்க்குள் இறங்க இடமில்லாமல், திரும்பி, பள்ளத்து ஆணிகள் வழியாகக் காரின் மேல் இறங்கும். என் மனைவியின் அக்கா பிளாஸ்டிக் வாளிகளைக் கார் பானட்டின் மேல் வரிசையாக வைப்பார். குழிக்குப் போய் வீணாகும் நீரைக் கைக்கெட்டும் உயரத்தில் சேகரிக்கும் வீடு சென்னையில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல். அன்றைக்குத்தான் அவருடைய ஈகை உச்சம் தொட்டது. மூன்று பக்கமும் திறந்த ஷெட்டுக்கு மழையைவிடக் காற்றுதான் எமன். அடியில் புகுந்த காற்று மேலே தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். கூரையைத் தாங்குவதைவிடக் கூரையைத் தரையோடு பிடித்துவைப்பதுதான் இங்கே தூணுக்கும் ஆணிக்கும் பெரிய வேலை. அதனால்தான் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது நம் கட்டட விதிநூல். சகலையின் வெல்டர் அந்த நூலைப் படித்ததில்லை. அன்று மத்தியானம் இரண்டு தகரங்கள் எழுந்து, மதில் தாண்டி, எதிர்வீட்டு மொட்டைமாடியில் போய் இறங்கின. கேட்காமலே கொடுத்த கொடை. எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்த்தொட்டி உடைந்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார். நன்றியுணர்வு அருகிவரும் காலம்.

திரும்பி வந்த தகரங்களை மறுபடி மாட்டினார்கள், பழைய ஓட்டைகளிலேயே. அதோடு பாதுகாப்புக்குச் சகலை தாமே ஓர் ஏற்பாடு செய்தார். கூரை மேல் பதினாறு செங்கல், இரண்டு பழைய டயர். செங்கல் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாசிவரை தகரத்துக்குச் சிறிது சிறிதாக ஊட்டும். டயருக்குள் தேங்கும் நீர் கொசுவுக்கு. புறாக்களுக்குச் செங்கல் இடுக்கு. அவை எச்சமிட்ட இடத்திலெல்லாம் பூச்சு வெந்து வெளுத்திருக்கிறது. ஒரு கூரையில் இத்தனை ஜீவராசிக்கு இடம் கொடுத்தவரை எந்தத் தராசில் நிறுப்பது?

தூணின் அடியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம், கண்பட்டுவிடும் என்று. தூணைத் தரைக்கு மேல் ஒரு சாண் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன் மேல் தகடு வைத்து நிறுத்த வேண்டும், தலைப்பக்கத்துக்கு மூடி போட வேண்டும் என்பார்கள். சகலையின் தூண்கள் மண்ணின் மைந்தர்கள். நேராக மண்ணுக்குள் இறங்குகின்றன. தலைக்கு மூடியில்லாததால் மழை உள்ளே இறங்கி அடியில் தங்கிவிடும். வெளியே காலைதோறும் கார் கழுவிய ஷாம்பு நீர், சுற்றி மூன்று செம்பருத்தித் தொட்டிகள். தரையும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு ஜாண் இடத்தில், ஈரமும் காற்றும் இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைக்கும் ஒரே இடத்தில், தூண் எப்படி நிற்கிறது என்று நான் போன மாதம் குனிந்து தட்டிப் பார்த்தேன். இரும்பைத் தட்டினால் ணங் என்று கேட்க வேண்டும். இது பொத்தென்றது. நான்கு கோட்டு எனாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. குடும்ப ஒற்றுமைக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இப்போது கழுவும் நேரம் தவிர காரை அவர் ஷெட்டில் விடுவதில்லை. தெருவில், வேப்பமரத்தடியில், உறை போட்டு நிறுத்துகிறார். “ஷெட்டு மேல விழுந்துட்டா பெயிண்ட் போயிடும் சகலை” என்றார். காரைக் காக்க ஷெட், ஷெட்டிலிருந்து காரைக் காக்கத் தெரு. ஷெட்டுக்குள் பழைய வாஷிங் மெஷினும் பேரனின் மூன்று சக்கர சைக்கிளும் பத்திரமாக நனைகின்றன.

தொண்டைமானின் ஆயுதசாலைக்கு ஔவை போன கதை நமக்குத் தெரியும். நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று வேல்கள் அடுக்கியிருந்தன. புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். இரும்புக்கு நெய் பூசினால் துரு அண்டாது என்று தெரிந்து அந்தக் காலத்திலேயே பூசிக்கொண்டிருந்த தொண்டைமானை வீரர்கள் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ஔவை இன்று கொட்டிவாக்கம் வந்தால் என் சகலையை ஒரே பார்வையில் அதியமான் பக்கம் நிறுத்திவிடுவாள். முறிந்தும் வளைந்தும் கிடப்பதுதானே களம் கண்டதற்கு அடையாளம்.

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொடுத்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். கண் கலங்கியிருந்தது.

“பாரி, ஔவையார்னு பெரிய பெரிய ஆளுங்களோட எல்லாம் சேத்துட்டீங்களே சகலை. நம்ம சொந்தத்துல யாரு இப்பிடி எழுதியிருக்காங்க? இதை லேமினேட் பண்ணி ஷெட்டுலயே மாட்டப்போறேன். வர்றவங்க பாக்கட்டும்.”

“இரும்புல எப்பிடிங்க ஆணி இறங்கும்?” என்று கேட்டார் அவர் மனைவி அடுப்படியிலிருந்து.

சகலை ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு முன்தூணுக்குப் போனார். சுத்தியலைத் தேடினார், காணோம். இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்க, ஆணியைத் தூணில் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். இறங்கிவிட்டது.